சம்பந்தியை ஸ்கிப்பில் போட்ட கதை

நவீன்,

இன்று காலை எழுந்ததும் நான் பல் துலக்கவில்லை, பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கும் உன் ரேடியோவைப் போட்டு, ஒன்பதாம் சேனலுக்கு இரண்டு வருடமாக வைத்திருந்த ஸ்கிப் குறியை எடுத்தேன். வைக்கும்போது ஒரு வினாடியில் வைத்துவிட்டேன். எடுப்பதற்கு எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது மறந்துபோய், நீ விட்டுப்போன கையேட்டைத் தேடி, அது பருப்பு டப்பாக்களுக்கு அடியில் எண்ணெய்க் கறையோடு கிடைத்து, பிறகு அதைப் படிக்க என் மூக்குக் கண்ணாடியைத் தேடி, அந்தக் குறி திரையிலிருந்து போவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ அடுத்த நிமிடமே சஹானாவைக் கூப்பிடுவாய். சஹானா அவள் அப்பாவிடம் ஓடுவாள். நான் சொல்ல வேண்டியதை எனக்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் சொல்லி முடித்துவிடுவீர்கள், அதுவும் என்னைவிட நன்றாக. அதனால்தான் கூரியர். புனேவுக்கு வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு நாள் எனக்கு வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் கேட்டாய்: "அம்மா, சஹானாவோட அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையா? நம்ம வீட்டுக்கு வந்தவரு பத்து வார்த்தைகூடப் பேசலையாமே. தேதி குறிக்கலாமான்னு கேட்டா 'பாக்கலாம்'னு எழுந்து போயிடறாராம். அவரு வாயால சந்தோஷமா சரின்னு சொல்ற வரைக்கும் கல்யாணப் பேச்சே வேணாம்ங்கறா." நான் உனக்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "சில பேர் சுபாவமே அப்படித்தான்டா, ரொம்பப் பேச மாட்டாங்க" என்றேன். பெங்களூரில் ஹாம் ரேடியோ வைத்துக்கொண்டு காற்றில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் யாரிடம் அதைச் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவரைப்போலப் பேசுகிறவர் இந்த ஊரிலேயே இல்லை. அவர் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் நீ இல்லை. நான்.

முதலில் இருந்து சொல்கிறேன். உன் ரேடியோவில் பன்னிரண்டு சேனல்களைப் பதிந்து வைத்துவிட்டுப் போனாய். ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் அது ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை தானாக ஓடிக்கொண்டே இருக்கும், எங்கே பேச்சுக் கேட்கிறதோ அங்கே நிற்கும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது நம் விருப்பம். பேசுகிறவர் மைக்கை விடும்வரை நிற்கும்படி வைக்கலாம். அல்லது ஐந்து வினாடி மட்டும் நின்று, பேச்சு முடிந்தாலும் முடியாவிட்டாலும் அடுத்ததற்குப் போகும்படி வைக்கலாம். நீ கிளம்பும் அன்று இரண்டையும் காட்டி, "உனக்கு எது வேணும்?" என்று கேட்டாய். நான் யோசிக்காமல் ஐந்து வினாடி என்றேன். நீ ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே அதை அமைத்துக் கொடுத்தாய். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

ஐந்து வினாடி எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? யெலஹங்காவில் ஒருவர் மழை பிடித்துக்கொண்டது என்பார், அவர் துணி காய்ந்ததா என்று தெரிவதற்குள் ஜெயநகரில் இன்னொருவருக்கு முதுகுவலி. அது எந்தப் பக்கம் என்று தெரிவதற்குள் வேறொருவர் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருப்பார். யாருடைய கவலையும் முழுசாக நம் மேல் விழாது. தோசை வார்த்துக்கொண்டே ஊரையே ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாக ருசி பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி நூலகத்தில் பகல் முழுக்க, "மெதுவா பேசுங்க" என்று பிள்ளைகளை அடக்கிவிட்டு வருகிறவளுக்கு, ஒரு குமிழைத் திருகினால் அடங்கிவிடுகிற மனிதர்கள் எவ்வளவு பெரிய நிம்மதி.

அந்த நிம்மதிக்கு ஒரே இடைஞ்சல் ஒன்பதாம் சேனல். தினம் மாலை ஆறரைக்கு அங்கே எல்லாரும் கூடுவார்கள். ஒருவர் வருகைப்பதிவு எடுப்பார், பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். நெட் என்று அதற்குப் பெயர். அதில் ஹெப்பகோடிக்காரர் ஒருவர் வருவார். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் முப்பது வருடம் ஃபோர்மேனாக இருந்தவர் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். ஒரு ஆண்டெனா கட்டியதைச் சொல்ல வேண்டுமானால், அதற்குக் கம்பி வாங்கப் போன கடை, கடைக்குப் போன பஸ், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அவர் மகளின் படிப்பு, எல்லாம் வரும். ஆண்டெனா மறுநாள்தான் வரும். என் ஸ்கேன் ஒரு சுற்று சுற்றி வரும்போதெல்லாம் அவரே பேசிக்கொண்டிருப்பார், ஐந்து வினாடிக்கு ஒரு பஸ் ஸ்டாப் வீதம். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒன்பதை ஸ்கிப்பில் போட்டேன். அதற்குப் பிறகு ஸ்கேன் எட்டிலிருந்து நேராகப் பத்துக்குத் தாவும். என்னைப் பொறுத்தவரை ஹெப்பகோடி என்று ஓர் ஊரே இல்லாமல் போனது.

இப்போது அந்த நாள். மாலை ஆறரை இருக்கும், மாவு கரைத்துக்கொண்டிருந்தேன், ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் சேனலில் ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டாள். உல்சூரில் தையல் கடை வைத்திருக்கிறாளே, அவளேதான். காற்றில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. "ஏம்மா, எல்லாரும் நெட்ல இருக்காங்க, நீ மட்டும் ஏன் வர்றதே இல்ல? அங்க வந்தா என்ன, கடிச்சா தின்னுடுவாங்க?" என்றாள். கையெல்லாம் மாவு. கழுவித் துடைத்து மைக்கை எடுத்தேன். நீ ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாய், பேசுவதற்கு முன்னால் திரையைப் பார் என்று. நான் பார்க்கவில்லை. கையைத் துடைத்த நேரத்தில் ஸ்கேன் மூன்றை விட்டு ஓடிவிட்டது. மைக் பொத்தானை முதல் தடவை அழுத்தினால் ஓட்டம் நிற்கும், இரண்டாம் தடவை அழுத்தினால்தான் நம் பேச்சு போகும். பழக்கம் ஆகிவிட்டதால் சுவிட்ச் போடுகிற மாதிரி இரண்டு தடவை அழுத்தினேன். பேசினேன்:

"யாரு, அந்த ஹெப்பகோடிக்காரர் நெட்டுக்கா? அவரு ஆண்டெனா கட்ட ஆரம்பிச்சா எங்க வீட்டு மாவு புளிச்சிடும்க்கா. நான் அவர ரெண்டு வருஷமா ஸ்கிப்ல போட்டு வெச்சிருக்கேன். வீடு எவ்ளோ நிம்மதியா இருக்கு தெரியுமா? அவர் வீட்டம்மா எப்படித்தான் சமாளிக்கறாங்களோ, அவங்களுக்கு ஸ்கிப் பட்டன்கூடக் கிடையாது."

பொத்தானை விட்டேன். ஸ்டெல்லா சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. பிறகு ஓர் ஆண் குரல், மிகவும் மரியாதையாக, "மேடம், நிம்ம கால் சைன் ஹேளி" என்றது. லைசென்ஸோடு நமக்குக் கொடுத்த அடையாளக் குறியைச் சொல்லுங்கள் என்று கன்னடத்தில். அப்போதுதான் திரையைப் பார்த்தேன். எட்டு. ஒன்பதாம் சேனல் பேச்சை ஊர் முழுக்க அனுப்பும் கோபுரத்தில் ஏதோ பழுது என்று அன்று முதல் சில நாள் மட்டும் நெட்டை எட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அதை முன்கூட்டியே மூன்று நாள் அறிவித்திருக்கிறார்கள். எங்கே? ஒன்பதாம் சேனலில்.

நான் கால் சைன் சொல்லவில்லை. ஸ்விட்சை அணைத்தேன். அது போதாது என்று பிளக்கையும் பிடுங்கினேன். உள்ளே வந்த உன் அப்பா, "ஷாக் அடிச்சுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நாலு நாள் ரேடியோ பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் கை சும்மா இருக்கவில்லை. ஆறரைக்கு, ஒன்பதுக்கே திரும்பி வந்திருந்த நெட்டை நானே கையால் திருப்பி வைத்துக் கேட்டேன். அவர் முறை வந்தது. "எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு என்ன ஆச்சுன்னா, அந்தப் பழைய குழாய அறுத்துட்டு, அதுக்கு உள்ளார" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிரிங் என்று ஒரு சத்தம். இட்லிக்கு வைக்கிற டைமர். அந்த இடத்திலேயே, "அவ்வளவுதாங்க, ஓவர்" என்று நிறுத்திவிட்டார். குழாய்க்கு உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மறுநாளும் அதே மாதிரி. ஒரு நிமிடம், டிரிங், பாதி வாக்கியம், ஓவர்.

எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. நான் சிரித்தேன், நவீன். சமையலறையில் தனியாக நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். பிறகு ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் போட்டு டைமர் சத்தத்தை நடித்தும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "அங்க இருந்தவங்க சொன்னதுமே அது நீதான்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நான் யார்கிட்டயும் வாயத் திறக்கல. ஆனா அந்த மனுசன் யாரு பேசினதுன்னுகூடக் கேக்கலம்மா. 'இத்தனை நாளு எனக்குத் தோணலையே, இனிமே ஒரு நிமிசம்தான், யாருக்கும் தொந்தரவு இருக்காது'ன்னு சொன்னாராம். நீ இப்ப மணி அடிச்சுக் காட்டற" என்றாள். நான், "சரி சரி, சீரியஸா எடுத்துக்காதக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். ஐந்து வினாடி ஆகியிருக்கும்.

அடுத்த வாரம்தான் நீ சஹானாவைப் பற்றிச் சொன்னாய். நீ குதூகலமாகச் சொல்லிக்கொண்டே போனாய்: "அவ அப்பாவும் ஹாம்தான்மா. ஹெப்பகோடி. கோவிந்தராஜ்னு பேரு. உனக்கு நல்லா செட் ஆகும், ரெண்டு பேரும் பேசிட்டே இருக்கலாம்." நான் அரிசி டிரம் மேல் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு என் சந்தோஷம் பேச்சு வராத அளவுக்கு இருந்ததாகத் தோன்றியதாம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் ஆஸ்டின் டவுனுக்கு நம் வீட்டைப் பார்க்க வந்த அன்று உனக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைக்காததற்கு நான் சாமிக்கு நன்றி சொன்னேன். அன்று காலை ரேடியோவை அதே அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன். வாசலில் அவர்களைப் பார்த்து, "வாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது. இந்த ஊரில் காற்றில் தமிழ் பேசுகிற பெண்கள் ஐந்தாறு பேர்தான். ஒரு வாக்கியம் பேசினால் போதும், கண்டுபிடித்துவிடுவார். தொண்டையில் கையை வைத்துத் தலையை ஆட்டினேன்.

"தொண்டைக்கு என்ன?" என்றார் உன் அப்பா. "காலைல கேபிள்காரன அந்தத் திட்டு திட்டினியே."

"பேசாதீங்கக்கா, சீசனே சரியில்ல" என்றார் சஹானாவின் அம்மா. நல்ல மனுஷி. என்னைக் காப்பாற்றினார்.

கோவிந்தராஜ் சார் மட்டும் என்னைக் கவலையோடு பார்த்தார். "மிளகு கஷாயம் வெச்சுக் குடிங்க. சும்மா கடை மிளகு இல்லைங்க, சிக்மகளூர் பக்கம் நம்ம ஃப்ரெண்டு ஒருத்தரு, அவரு எப்படிப் பழக்கம்னா" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததுமே அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இரண்டு வருடம் குரலாக மட்டும் ஒதுக்கி வைத்தவருக்கு அப்படி ஒரு முகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கணம் அவர் கண் கைக்கடிகாரத்துக்குப் போனது. "சரிங்க. மிளகு. அவ்வளவுதான்" என்று நிறுத்திக்கொண்டார். அவர் மனைவி, யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

ரேடியோவை ஒளித்தவள், மாடியில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் ஆண்டெனாவை மறந்துவிட்டேன். உன் அப்பா தன் தொட்டிச் செடிகளைக் காட்டப்போகிறேன் என்று அவரை மாடிக்கு அழைத்துப் போனார். பின்னாலேயே ஓடினேன். அவர் செடியைப் பார்க்கவே இல்லை.

"இது யாருதுங்க?"

"பையனோடது. ஆனா அவன் போனதுல இருந்து இவதான். வீட்ல இருக்கற நேரமெல்லாம் கேட்டுக்கிட்டே இருப்பா" என்றார் உன் அப்பா, ஏதோ பெருமையைச் சொல்கிற மாதிரி.

கோவிந்தராஜ் சார் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் ஆண்டெனாவை மேலிருந்து கீழே வரை பார்த்தார். பிறகு, "கேக்கறது நல்லதுங்க" என்றார். கேபிள் சேரும் இடத்தில் டேப் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வரும்போதும் பையில் கறுப்பு டேப் வைத்திருக்கிற மனிதர் அவர். உட்கார்ந்து பழையதைப் பிய்த்துப்போட்டு, இழுத்து இழுத்துப் புதிதாகச் சுற்றினார். "மழைத்தண்ணி இதுக்குள்ள போச்சுன்னா என்ன ஆகும்னா" என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். "போகக்கூடாதுங்க" என்று முடித்துவிட்டு எழுந்தார். அன்று பேசியது நான்தான் என்று தெரிந்துதான் 'கேக்கறது நல்லதுங்க' என்றாரா, தெரியாமலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அவர் சுற்றிவிட்டுப் போன பிறகு ரேடியோ துல்லியமாகக் கேட்கிறது. அந்த டைமர் பக்கத்து அறையில் அடிக்கிற மாதிரி இருக்கிறது.

அவர் வீட்டிலும் இப்படித்தான் இருக்கிறாராம். சஹானா உன்னிடம் சொன்னதை நீ என்னிடம் சொன்னாயே, அப்பா சாப்பாட்டு வேளையில்கூடப் பேசுவதில்லை என்று. கல்யாணம் பிடிக்காததால் பேசவில்லை என்று அவள் நினைக்கிறாள். மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தன்னால் ஒரு நிமிடத்தில் நிறுத்த முடியாது, அதனால் ஆரம்பிக்காமலே இருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். இரண்டில் எது சரி என்று தெரியாது. இரண்டாவது சரியாக இருந்தால் அதைச் செய்தவள் நான்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பியுசி முதல் வருடம் படிக்கும்போது நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஹாம் பரீட்சை எழுதினோம். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாய், துணைக்கு வந்தவள் நானும் விண்ணப்பம் போட்டேன். ரிசல்ட் வந்த அன்று நீ மூன்று முறை சமையலறைக்கு வந்தாய். முதல் முறை, "ரிசல்ட் வந்துடுச்சும்மா" என்றாய். நான் என் நம்பரைப் பார்த்து, "பாஸ்" என்று கத்திவிட்டுக் குக்கரை இறக்கப் போனேன். இரண்டாம் முறை, "அம்மா, என்னோடது" என்றாய். கீழே சிலிண்டர்காரர் கூப்பிட்டார். மூன்றாம் முறை, "ஒண்ணு சொல்லணும்" என்றாய். "சாயங்காலம் சொல்லுடா" என்றேன். சாயங்காலம் தெரு முழுக்க வீடு வீடாக மைசூர் பாக் கொடுத்தேன், ரெண்டு பேரும் பாஸ் என்று. தட்டை ஏந்திக்கொண்டு என் பின்னாலேயே வந்தது நீதான். நீ ஃபெயில் என்று எனக்கு மறுநாள் தெரிந்தது, அடுத்த தடவை எழுதித்தான் பாஸ் ஆனாய். எத்தனை வீடு, எத்தனை பேர் உன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நீ எல்லாருக்கும், "தேங்க்ஸ் ஆண்ட்டி" சொன்னாய். இதை நான் பல விருந்துகளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன், நீயும் கூடச் சிரித்திருக்கிறாய். அந்தத் தட்டு உனக்கு எவ்வளவு கனத்திருக்கும் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பதில் எவ்வளவு நீளமாக இருந்தாலும் எழுது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். சஹானா பேசும்போது அவள் முடிக்கும்வரை நில். எல்லாவற்றுக்கும் நிற்க முடியாது, நின்றால் பால் பொங்கிவிடும், அதுவும் எனக்குத் தெரியும். உன் அப்பாவோடு நான் இருபத்தாறு வருடம் குடித்தனம் செய்ததில் பாதி, அவர் கிரிக்கெட் பற்றிச் சொன்னபோது நான் அடுத்த சேனலுக்குப் போய்விட்டதால்தான் நடந்தது. ஆனால் போகும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ. தலையை ஆட்டிக்கொண்டே போகாதே. நான் அதில் கெட்டிக்காரி, அதனால்தான் சொல்கிறேன். இன்னொன்று, உனக்கு அலுப்பூட்டுகிறவரைப் பற்றி உனக்குப் பிடித்தவரிடம் நகைச்சுவையாகப் பேசும் ஆசை வரும். அந்த ஆசை வரும்போது உன் கை எதன் மேல் இருக்கிறது என்று பார்த்துக்கொள்.

இந்த ஒரு வாரமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது வேறு. அவர் சஹானாவின் அப்பாவாக இல்லாமல் யாரோ ஒரு ஹெப்பகோடிக்காரராகவே இருந்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேனா? மாட்டேன். டைமர் அடிக்கட்டும் என்று விட்டிருப்பேன், ஸ்டெல்லாவிடம் நடித்துக் காட்டியதோடு சரி. இப்போது போய்க் கேட்டால், மகனுக்குப் பெண் வேண்டும் என்று கேட்கிறாள் என்றுதான் ஆகும். அவர் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேட்கலாம் என்று முதலில் நினைத்தேன். மெட்ரோவில் ஏறினால் போய் இறங்கிவிடலாம். அவர் நல்லவர், காபி கொடுத்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று ஒரே நிமிடத்தில் என்னை அனுப்பிவைப்பார். வெளியே யாருக்கும் தெரியாது. அந்த வழி எனக்கு ரொம்பச் சௌகரியமாக இருக்கிறது. அதனாலேயே அது வேண்டாம்.

இன்று மாலை ஆறரைக்கு ஸ்கேனைப் போடப்போவதில்லை. ஒன்பதில் உட்காரப்போகிறேன். வருகைப்பதிவு எடுக்கும்போது என் பெயரையும் கால் சைனையும் ஆஸ்டின் டவுனையும் சொல்வேன். அவர் முறை வரும், டைமர் அடிக்கும், அவர் பாதியில் விடுவார். அப்போது பொத்தானை அழுத்தி, அன்று எட்டாம் சேனலில் அவரைப் பற்றிப் பேசியவள் நான்தான் என்று சொல்வேன். அது கேலி, தப்பு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், மீதியைச் சொல்லுங்கள் என்பேன். உன்னைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை, ஸ்டெல்லா அக்காவிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை நீ பிரிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு மாதத்தில் எல்லாரும் மறந்து, உன் கல்யாணம் தானாக நடந்திருக்குமோ என்னவோ. நான் சொல்லப்போவதால் அது நின்றும் போகலாம். அப்படி நின்றால் நீ என் மேல் கோபப்படு, நான் அதை முழுசாகக் கேட்கிறேன். அவர் எனக்கு என்ன பதில் சொல்வார் என்று தெரியாது. கடுமையாகச் சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கும். கேட்கட்டும். நான் சொன்னதும் ஊர் முழுக்கத்தான் கேட்டது.

அம்மா